ஆறா, காயலா?

கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறி, பீர்மேடு, முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி ஆகிய ஊர்களின் வழியே மேற்கு நோக்கி இறங்கிச் செல்பவர், கோட்டயம் நகருள் நுழைந்த பின்னரும், தாம் இன்னும் மலைநாட்டிலேயே இருப்பதாக எண்ணுவார். தெருக்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. வீடுகள் மேடும் பள்ளமுமாக நிற்கின்றன. ஆனால் நகரின் தென்பகுதியிலுள்ள கோடிமதைப் படகுத்துறைக்கு வந்து நின்றால், நிலம் அங்கே தன் ஆட்சியை நீரிடம் ஒப்படைத்துவிடுவதைக் கண்ணாரக் காணலாம். அதற்கு மேற்கே உள்ளதெல்லாம் வாய்க்கால், ஆறு, வயல். அவற்றுக்கும் அப்பால் வேம்பநாட்டுக் காயல்.

வங்கிப் பணி, மருத்துவமனைப் பணி, ரப்பர் வாரியத் தலைமை அலுவலகத்தில் வேலை, மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி எனப் பல காரணங்களால் நம் பக்கத்துக் குடும்பங்கள் கோட்டயத்தில் குடியேறுகின்றன. வீடு, பள்ளிக்கூடம், தண்ணீர், மொழி ஆகிய கவலைகள் முதல் மாதத்தோடு தீர்ந்துவிடுகின்றன. இரண்டாம் மாதத்தில் பிள்ளைகள், "படகில் எப்போது போவோம்?" என்று தொடங்கிவிடுகிறார்கள். நம் பங்கிலிருந்து அங்குச் சென்ற ஒரு குடும்பத்தில் இது பெரிய வழக்காகவே ஆகிவிட்டது. தலைவருக்குக் காயல்மீது ஆசை. அவர் மனைவிக்கோ அகன்ற நீரைக் கண்டாலே அச்சம். "ஆறு போதுங்க, கரையாவது கண்ணுக்குத் தெரியும்" என்பது அவர் வாதம். வீட்டிலிருந்த அப்பத்தா, "சாமி வரட்டும், கேட்டுக்கிடுவோம்" என்று தீர்ப்பை நம்மிடம் தள்ளிவிட்டார். தை மாதத்தில் ஒருமுறையும், மழைக்காலத்தில் ஒருமுறையும் நாம் அங்குச் சென்று இரு நீரையும் பார்த்து, படகுக்காரர்களிடமும் மீனவரிடமும் விசாரித்து அறிந்தவற்றை, அத்தகைய பிற குடும்பங்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகின்றோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ஏரி என்றால் கரை கட்டித் தேக்கிய நீர். வேம்பநாடு அத்தகையதன்று. கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 96 கி.மீ. நீண்டு கிடந்து, கொச்சியில் கடலோடு வாய் திறக்கும் நீர்ப்பரப்பு அது. அதனைக் காயல் என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். காயல்பட்டினத்தைத் தன் கரையில் கொண்ட நமக்கு அச்சொல் அந்நியமன்று. மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகள் அதன் தென்பாகத்திலும், மூவாற்றுப்புழை ஆறு சற்று வடக்கேயும் வந்து கலக்கின்றன. ஆகவே கோட்டயத்தில் 'ஆறு' என்பதும் 'காயல்' என்பதும் இரு வேறு ஊர்களில் உள்ள இரு வேறு நீரல்ல. மீனச்சில் ஆறு நகரைத் தாண்டியதும் கிளை கிளையாகப் பிரிந்து, குமரகத்தின் அருகே காயலில் போய் முடிகிறது. படகில் அமர்ந்திருப்பவர், எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிற்று என்பதைக் கரை விலகிப்போவதைக் கொண்டே அறிய வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோருக்குக் கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் கோட்டயம் – ஆலப்புழைப் படகே ஏற்றது. வாய்க்கால் பாலங்கள் தடையாகும் காலங்களில் அப்படகு கோடிமதையிலிருந்து புறப்படாமல் காஞ்சிரம் துறையிலிருந்து புறப்படுவது உண்டு. முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. இரண்டரை மணி நேர அளவிலான அப்பயணத்தின் முற்பகுதி முழுதும் வீட்டு வாசல்களின் வழியே செல்வது போன்றது. ஒரு பாட்டி படிக்கட்டில் அமர்ந்து மீன் கழுவுகிறார். பள்ளிச் சீருடையில் இரு சிறுவர் தோணியைத் தாமே துழாவிக் கொண்டு எதிரே வருகின்றனர். மீன்கொத்தி ஒன்று மின்கம்பியிலிருந்து விழுந்து எழுகிறது. இரு புறமும் வயல்கள் இருக்கின்றன; ஆனால் அவற்றைக் காணத் தலை நிமிர வேண்டியதில்லை, குனிய வேண்டும். குட்டநாட்டு வயல்களிற் பல கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. வரப்புக்கு மேலே படகும், வரப்புக்குக் கீழே நெல்லுமாகச் செல்லும் அக்காட்சியை முதன்முறை கண்ட நம் குடும்பத்துச் சிறுமி, "சாமி, அணை உடைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள். குட்டநாட்டு மக்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் வயலும் வீடும் சாலையும் ஒருசேர மூழ்க, ஆயிரக்கணக்கானோர் படகுகளிலேயே சங்கனாச்சேரிக்கும் கோட்டயத்துக்கும் வந்து சேர்ந்தனர்.

பிறகு கரைகள் பின்வாங்குகின்றன. 1940-களில் முரிக்கன் என்னும் பெருநிலக்கிழார் காயல் நீரை அடைத்து, சேற்றையும் தென்னங்கழிகளையும் கொண்டு வரப்பெழுப்பி, சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் பெயரிட்டு உண்டாக்கிய வயல்கள் அப்பக்கத்தில்தான் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் அகன்ற நீரில் படகு நுழைந்ததும், எஞ்சின் ஓசைகூடச் சிறுத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. நீர்க்காகங்கள் கழிகளின்மேல் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. கக்கா எனப்படும் சிப்பியை வாரும் தோணிகள் தூரத்தில் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. தலைவர் ஏன் காயலை விரும்பினார் என்பது அப்போது நமக்கு விளங்கிற்று. ஆறு மனிதர் வாழ்க்கையைக் காட்டுகிறது; காயல் வானத்தைக் காட்டுகிறது.

காட்சியின்பம் ஒருபுறம் இருக்க, இரண்டின் இயல்பையும் குடும்பத் தலைவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆற்றில் படகைத் தள்ளுவது நீரோட்டம். அதற்குத் திசை ஒன்றே. ஆகவே துடுப்புப் படகை வாடகைக்கு எடுப்போர், முதலில் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று, கை சோர்ந்தபின் அதனோடு திரும்பிவருதல் எளிது. இதனை மாற்றிச் செய்வோர் திரும்பும்போது வருந்துவர். காயலிலோ படகை ஆட்டுவது காற்று. காற்றுக்கு நேரந்தோறும் திசை மாறும். மழையில்லாத மாதங்களில், பொதுவாகக் காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்றும், பிற்பகலில் கடலிலிருந்து வலிய காற்றும் வீசும். காயலின் கீழ்க்கரையிலுள்ள குமரகத்திலிருந்து காலையில் புறப்படுபவருக்கு இரு காற்றும் ஒருவாறு துணையாகும். மேல்கரையிலுள்ள முகம்மை, ஆலப்புழை ஆகிய ஊர்களிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்புபவர் கடற்காற்றை எதிர்க்க வேண்டியிருக்கும். அன்றியும் மேலைக்காற்று காயலின் அகலம் முழுதும் ஓடிவந்து அலை திரட்டுவதால், பிற்பகலில் குமரகக் கரையோரமே மிகவும் கொந்தளிப்பாக இருக்கும்.

காயல் ஆழமற்றது என்பதைக் கேட்டுப் பலர் நிம்மதி கொள்கின்றனர். அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. ஆழமற்ற நீரில் எழும் அலை, கடலலைபோல் நீண்டு உருளுவதில்லை. குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியும் வரும். சிறு படகுக்கு அதுவே பெருந்தொல்லை. ஆளை மூழ்கடிக்க ஆளுயர நீர் போதும்; அடியிலுள்ள சேறு ஊன்றிய காலை எளிதில் விடுவதுமில்லை.

ஆற்றிலும் மறைந்த பகை உண்டு. மீனச்சில் மலையிலிருந்து விரைந்து இறங்கும் ஆறு. மேலே பூஞ்சாறு, ஈராற்றுப்பேட்டைப் பக்கம் பெருமழை பெய்தால், கோட்டயத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீர் கலங்கி உயர்வதுண்டு. மணல் அள்ளிய குழிகள் ஆற்றடியில் கிடப்பதால், இடுப்பளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் காணாமற்போகலாம். படகில் செல்வோர் கரையோரம் ஒதுங்கிக் குளிக்க இறங்குவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். குறுகிய வாய்க்காலில் பெரிய வீட்டுப்படகு கடந்து செல்லும்போது எழும் அலையும் சிறு தோணியைக் கவிழ்க்கக்கூடும். அந்த அலையைப் படகின் முகப்பால் வாங்க வேண்டுமேயன்றிப் பக்கவாட்டில் வாங்கலாகாது என்று அங்குள்ள ஒரு முதிய துழைகாரர் நமக்குச் செய்தே காட்டினார்.

ஆகாயத்தாமரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குட்டநாட்டு நெல்லை உப்புநீரிலிருந்து காப்பதற்காக 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே தடுப்பணை அமைக்கப்பட்டது. கோடையில் அதன் கதவுகள் மூடியிருக்கும். உப்பு வராதபோது நீர் தேங்குகிறது. தேங்கிய நன்னீரில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. அது விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் நின்றுவிடும். நின்ற இடம் வாய்க்காலாயின் கழியை ஊன்றிக் கரை சேரலாம். நடுக்காயலாயின் வேறொரு படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவையும் கூறியபின், "அப்படியானால் ஆறே பாதுகாப்பானது என்று சொல்லிவிடுங்கள், சாமி" என்றார் அந்த அம்மையார். அவ்வாறு ஒரேயடியாகச் சொல்லிவிட நம் மனம் துணியவில்லை. ஏனெனில் அந்நாட்டின் துயர வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. மலையாளத்தின் மாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16 அன்று உயிர்நீத்தது காயலில் அன்று. ரிடீமர் என்னும் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தபோது. 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகம் வந்த அரசுப் படகு, கரையை நெருங்கும் வேளையில் காயலில் மூழ்கி 29 பேர் மாண்டனர். அரசுப் பணித் தேர்வு எழுதுவதற்காகக் கோட்டயம் புறப்பட்ட இளைஞரும் இளம் பெண்களும் அவர்களுள் பலர். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த பள்ளி மாணவரும் அவர்களோடு வந்த ஆசிரியருமாக 18 பேர் இறந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், நம் கம்பம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் அதே முல்லைப்பெரியாற்றுத் தேக்கத்தில், ஜலகன்யகா என்னும் அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மடிந்தனர். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, தானூரில் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருட்டும் வேளையில் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தினர் பலர்.

ஆறு, காயல், அணைத்தேக்கம், முகத்துவாரம் – நால்வகை நீரும் இப்பட்டியலில் இருக்கின்றன. நீரைக் காட்டிலும் படகையே முதலில் நோக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? குமரகத்திலும் தட்டேக்காட்டிலும் தானூரிலும் படகு தாங்கும் அளவுக்குமேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். தேக்கடியில் படகின் அமைப்பே நிலையற்றது என்று பின்னர்க் கூறப்பட்டது. கரையில் தோன்றிய விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகவும் அன்றைய செய்திகள் தெரிவித்தன. தானூர்ப் படகு, மீன்பிடி படகொன்றை மாற்றி மேல்தளம் வைத்துக் கட்டியது. மேலே பாரம் ஏற ஏறப் படகின் நிலை தளரும் என்பதை நம் ஊர் மாட்டுவண்டிக்காரரும் அறிவர். வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி எந்தத் திருப்பத்தில் சாயும் என்று அவருக்குத் தெரியும். மேல்தளத்தில் காற்று வாங்க விரும்பும் நம் மக்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

தை மாதப் பயணத்தின்போது நாம் வாடகைக்கு அமர்த்திய ஒரு சிறு படகில், மிதவைச் சட்டைகள் இருந்தன. ஆனால் அவை கூரையின் அடியில் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவிழ்த்துத் தருமாறு கேட்டோம். "இன்று காயல் அமைதியாக இருக்கிறதே, அச்சா!" என்று படகுக்காரர் சிரித்தார். அவிழ்த்தபோது எட்டுச் சட்டைகளும் பெரியவர்களுக்கு உரியவை. ஆறு வயதுப் பையனுக்கு அணிவித்துத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் சட்டை மட்டும் கையோடு வந்தது. பையன் கீழேயே நின்றான். நீரிலும் அப்படித்தான் நிகழும். தலைவர் மறுபேச்சின்றி அப்பயணத்தைக் கைவிட்டார். பிள்ளைகள் அழுதார்கள்; குமரகத்துப் பறவைகள் சரணாலயத்துக்கு நடந்தே அழைத்துச் சென்று சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அன்று மாலையே நகரக் கடையில் பிள்ளைகள் இருவருக்கும் அவர்தம் உடல் எடைக்கேற்ற சட்டைகள், கால்களுக்கிடையே கட்டும் வார் உள்ளவையாகப் பார்த்து வாங்கப்பட்டன. கோட்டயத்தில் குடியேறும் எந்தக் குடும்பமும் மிதிவண்டிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது என்பது நம் கருத்து.

ஆறா, காயலா என்னும் வழக்குக்கு நாம் கூறிய முடிவு இதுதான். நீந்தத் தெரியாத சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் முதல் ஆண்டில் ஆற்றோடும் வாய்க்காலோடும் நிற்பது நன்று. அங்கே விபத்து நேராது என்பதனால் அன்று. நேர்ந்தால் கரை அருகிலிருக்கிறது, கரையில் மனிதர் இருக்கின்றனர், கூப்பிட்ட குரல் கேட்கும். டிசம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்கள் உகந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு பெருகியிருக்கும். மரக்கட்டைகள் மிதந்து வரும். பாலத்தின் அடியில் தலை குனியக்கூட இடமிராது. அப்போது துடுப்புப் படகைத் தொடவே வேண்டாம். வெள்ளத்துக்குப்பின் எலிக்காய்ச்சல் பரவும் நாடு அது; காலில் புண்ணுள்ளவர் கலங்கிய நீரில் இறங்கலாகாது.

காயலுக்குச் செல்வதாயின் காலையில், அரசுப் படகில், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு. கோட்டயத்திலிருந்து குமரகம் ஏறக்குறைய 15 கி.மீ.; பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கிருந்து முகம்மைக்குச் செல்லும் படகு முக்கால் மணிக்குள் காயலைக் கடந்துவிடும். வழியில் பாதிராமணல் தீவின் பசுமையைக் காணலாம். வடக்கே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்குச் செல்லும் 'ஆதித்யா' படகு இன்னும் சிறியதொரு பயணம். 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அது, சூரிய ஒளியால் இயங்கும் நாட்டின் முதல் பயணிகள் படகு. 75 பேர் அமரலாம். கால் மணி நேரத்தில் அக்கரை சேரும். எஞ்சின் இரைச்சலும் எண்ணெய் நாற்றமும் இல்லாததால் அப்பத்தாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. 1924-ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தால் தமிழரும் அறிந்த வைக்கம் நகரைக் காண்பதும் அதே நாளில் கூடும்.

வீட்டுப்படகு வேண்டுவோர் சிலவற்றைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பண்டு நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளத்தின் வழிவந்தவை அவை. ஆணியின்றி, ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அப்பழைய வள்ளங்கள் அகன்று தாழ்ந்து இருந்தன. பாரம் அடியிலேயே கிடந்தது. இன்று அவற்றின்மேல் அறைகளும் மாடிகளும் எழுந்துள்ளன. பதிவு எண்ணும், ஏற்றத்தக்க பயணிகளின் தொகையும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிராத படகில் ஏற வேண்டாம். உறவினர் திடீரென்று ஐவர் வந்துவிட்டால், "நெருங்கி உட்காரலாம்" என்று சொல்லும் நம் வழக்கத்தைப் படகுத்துறையில் விட்டுவிடுவோம். மாலை ஐந்தரை மணிக்குள் வீட்டுப்படகுகள் கரை ஒதுங்கி நிற்பது அங்குள்ள முறை; இருட்டியபின் நீர் வலை விரிக்கும் மீனவருக்கு உரியது. அதற்குமேலும் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை திரளும். அகன்ற காயலில் மின்னலுக்கு எட்டும் உயரமான பொருள் படகாகவே இருக்கும். கிழக்கு மலைகளின்மேல் மேகம் கறுத்தால் கரைக்குத் திருப்பச் சொல்லலாம். நல்ல படகுக்காரர் நாம் சொல்லுமுன்பே திருப்பிவிடுவார்.

நாம் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மீண்டும் சென்றபோது, அக்குடும்பத்தில் பிள்ளைகள் இருவரும் நகரின் நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அம்மையாரும் அவர்களோடு சேர்ந்து கற்றுவந்தார் என்பதைத் தலைவர் சற்றே நாணத்துடன் நம்மிடம் கூறினார். அவர் இன்னும் சேரவில்லை. காயலைக் கடக்கும் நாட்களில் பிள்ளைகள் தம் சட்டைகளைத் தாமே பையில் எடுத்து வைக்கின்றனர். அப்பத்தா மட்டும் வைக்கம் படகோடு நின்றுகொண்டார். குமரகத் துறையில் கரிமீன் விற்பவரிடம் அவர் மலையாளத்திலேயே பேரம் பேசும் அளவுக்கு முன்னேறியிருந்தார். பிள்ளைகள் முகம்மை சென்று திரும்பிவரும்வரை அவருக்கு அந்தப் பேரம் நீண்டுகொண்டிருந்தது.